வால் எழுத்து இல்லாத மெஷின்

முதலில் இருமல்தான் வந்தது. அப்புறம் தண்ணீர்க் குடத்தோடு நாலு படி ஏறினால் இளைப்பு. அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே என் மகளின் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஆவடியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவள் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"என்ன வேலை செய்யறீங்க?"

"கபோர்டு கதவு தேய்ச்சு பெயிண்ட் அடிக்கிறேன் டாக்டர்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கேட்பதற்கு முன்பே, "நானுந்தான்" என்றேன். வேலை செய்வதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

"ஒண்ணு தூசியை நிறுத்துங்க, இல்ல வேலையை நிறுத்துங்க. இந்த நெஞ்சு ரெண்டையும் தாங்காது" என்றார். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்தார். முகத்தில் துணி கட்டிக்கொள்வதெல்லாம் போதாது, தூசி வெளியிலேயே வரக்கூடாது என்றும் சொன்னார்.

வேலையை நிறுத்துவது என்பது எங்கள் வீட்டில் சொல்லிப் பார்க்கக்கூடிய பேச்சே இல்லை. மருமகன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் சேர்ந்து இந்த வேலையைக் கற்றாள். கம்பெனி வேறு ஊருக்குப் போனதும், நூம்பலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகையில் தானே ஆரம்பித்தாள். சுற்றிலும் ஃபிளாட் வந்துகொண்டே இருக்கிறது. தச்சு ஆட்கள் மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் கதவுகளை அறுத்துக் கொண்டுவந்து போடுவார்கள். இவள் தேய்ப்பாள், பிரைமர் அடிப்பாள், மறுபடி தேய்ப்பாள், பெயிண்ட் அடிப்பாள். அவள் முடித்த கதவில் விளக்கு வெளிச்சம் ஒரு சுளிப்பு இல்லாமல் விழும். தேய்ப்பு மெஷின் நுழையாத ஓரங்களும் பள்ளங்களும் என் கைக்கு. உப்புத்தாளை மடித்து நான் தேய்ப்பேன். தேய்த்துத் தேய்த்து என் விரலில் ரேகையே இல்லை; ரேஷன் கடை மெஷின் என்னை யாரென்று தெரியாது என்கிறது. நான் யாரென்று கடைக்காரருக்குத் தெரியும், அது போதும்.

அந்தப் பலகையின் தூசி மைதா மாவு போல இருக்கும். கையில் எடுத்தால் மிருதுவாக, ஒன்றும் செய்யாது போலத் தெரியும். எங்கள் பழைய மெஷின் அதை நேராக முகத்தில் ஊதும். சாயங்காலம் இரண்டு பேரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்களைப் போல நிற்போம்.

தூசியைத் தானே உறிஞ்சிப் பையில் போட்டுக்கொள்கிற மெஷின் இருக்கிறது என்று ஒரு தச்சர் சொன்னார். மகளுக்குப் பலகை வந்து இறங்கியிருந்தது. அதனால் நானே பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பேன். இங்கிலீஷ் எழுத்துகளை உருவத்தால்தான் தெரியும். அதற்காக ஒரு கடையில் போய்ப் பொருள் கேட்டு வாங்க முடியாதவள் இல்லை நான்.

மெஷின் கடை பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"வா ஆயா, இன்னா வோணும்?"

"ஆயா உங்க ஊட்ல இருப்பாங்க. எனக்கு மெஷின் வோணும்."

அவர் சிரித்துவிட்டார். "கோச்சுக்காதம்மா. குந்து. இன்னா மெஷினு?"

சொன்னேன். அவர் இரண்டு மெஷினை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே பிடி. பக்கவாட்டில் ஒட்டியிருந்த பெயரும் ஒன்றுபோலவே இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான பாய்?"

"அங்கதாம்மா எல்லாரும் கவுந்துடறாங்க. பேரை முழுசாப் பாக்கணும். முன்னாடி கீற எழுத்து, இது இன்னா வேலைக்குன்னு சொல்லும். நடுவுல கீற நம்பரு, அளவு, சக்தி. கடைசில ஒரு எழுத்து ஒட்டிக்கினு கீது பாரு, அதான் வெசயம். வால் எழுத்து."

ஒரு மெஷினின் நம்பருக்குப் பின்னால் சீப்பு மாதிரி ஓர் எழுத்து இருந்தது, மூன்று பல் சீப்பு. மற்றதில் நம்பரோடு முடிந்துவிட்டது. இரண்டையும் பாய் கவிழ்த்துக் காட்டினார். சீப்பு இருந்ததன் அடித்தட்டில் வட்டமாக ஓட்டைகள் இருந்தன. அந்த ஓட்டை வழியே தூசி உள்ளே போய்ப் பின்னால் மாட்டியிருக்கும் பைக்குள் விழும். மற்றதன் தட்டு மொழுக்கென்று இருந்தது. பை மாட்ட வாயும் கிடையாது.

"தனியா பை வாங்கி மாட்டிக்க முடியாதா?"

"எங்க மாட்டுவ? மூக்கு இல்லாதவங்களுக்கு மூக்குத்தி வாங்குற மாதிரிதான்."

அப்படியே ஒரு டிரில்லிங் மெஷினையும் காட்டினார். அதே பெயர், மூன்று விதமான வால். ஒரு வால் என்றால் வெறும் உடம்பு, பேட்டரி கூட வராது. இன்னொன்று என்றால் பேட்டரி, சார்ஜர். மூன்றாவது என்றால் பெட்டி நிறைய சாமானோடு. வெறும் உடம்பை வாங்கிப் போய், மெஷின் ஓடவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டாம்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பஸ்ஸில் பாதி வாழ்க்கை போனவள் நான். ஒரே நம்பர் பஸ்தான். பின்னால் 'கட்' என்று ஒரு சொல் சேர்ந்துவிட்டால் பாதி வழியில் இறக்கிவிடுவான். நம்பரை மட்டும் பார்த்து ஏறினவள் நடந்துதான் போக வேண்டும். இதைச் சொன்னதும் பாய், "கரீட்டு! நீ கடைல வேலைக்கு வந்துரும்மா" என்றார்.

ஆனால் சீப்பு எழுத்து மெஷின் கடையில் காட்டுவதற்கு வைத்திருந்தது ஒன்றுதான். அது கம்பெனிக்காரர்களுடையது, விற்க முடியாது என்றார். புதுச் சரக்கு வந்துவிடும், போனில் ஒரு வார்த்தை சொன்னால் ஆளிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னார். நான் அந்தச் சீப்பை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மகளுக்கு எல்லாம் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே பிரைமர் கலக்கினாள்.

ஆயுத பூஜை நெருங்கிவிட்டது. ஒருநாள் நான் மளிகைக் கடைக்குப் போயிருந்தபோது அவளே பாய் கடைக்குப் போன் செய்திருக்கிறாள். பாய் அப்போது தொழுகைக்குப் போயிருந்தாராம். கடையாள்தான் எடுத்தானாம்.

"இன்னான்னு சொன்ன?" என்றேன்.

"நம்பரைச் சொன்னேன். அனுப்பறேன்னான்."

"வாலைச் சொன்னியா?"

"யம்மா, எங்க வேலைல யாரு வாலெல்லாம் சொல்லுவாங்க? நம்பரைச் சொன்னா போதும், அவங்களுக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். எஸ்டேட்டில் அத்தனை பேரும் அப்படித்தான் பேசுவார்கள். மெஷினுக்கு நம்பர்தான் பெயர். அதுவும் பாதி நம்பர். முழுப் பெயரைச் சொல்கிறவனைப் புதுசு என்று கேலி பண்ணுவார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

பூஜைக்கு முதல் நாள் பெட்டி வந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெட்டி முழுக்க இங்கிலீஷ். அங்கங்கே சீப்புகள் இருந்தன. ஆனால் பெரிதாகப் போட்டிருந்த நம்பருக்குப் பின்னால் வெற்றிடம்தான் இருந்தது.

"பிரிடி. தட்டுல ஓட்டை கீதான்னு பாக்கலாம்."

"ஐயோ யம்மா, நாளைக்கு பூஜை. பூஜைக்கு முன்னாடி சீல் ஒடைச்சா அது இன்னா புது மெஷினு?"

"சீப்பு எழுத்து காணோம்டி."

"பெட்டில சுருக்கிப் போட்டிருப்பான். நீ ஒருதபா கடைக்குப் போய்ட்டு வந்து இன்ஜினீயர் ஆய்ட்ட."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த நம்பிக்கையை எஸ்டேட்டில் அவள் வாங்கிக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும். அங்கே புது மெஷின் வந்தால் பெட்டியோடு பூஜையில் வைத்து, மறுநாள்தான் முதல் தடவை ஓட்டுவார்கள். அப்படிச் செய்யாமல் ஓட்டின கட்டிங் மெஷினில் ஒருத்தனுக்கு விரல் போனதை அவள் கண்ணால் பார்த்தவள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் கொட்டகையைக் கழுவிவிட்டாள். பழைய மெஷின், உளி, பிரஷ், ஸ்பிரே துப்பாக்கி எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி, நடுவில் புதுப் பெட்டியை வைத்தாள். பெட்டியின் நாலு பக்கமும் சந்தனத்தைக் குழைத்துப் பட்டையாகத் தீற்றி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். பொரி, கடலை, பழம். கற்பூரப் புகைக்கு அவளுக்கு இருமல் வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டே மற்றக் கையால் தட்டைச் சுற்றினாள். இந்தப் பெட்டி திறந்தால் அந்த இருமல் போய்விடும் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. அதை நான் படித்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் பிரித்தாள். உறையை நீக்கி மெஷினைக் கவிழ்த்தாள். தட்டு மொழுக்கென்று இருந்தது.

அவள் நம்பவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினாள், பை எங்கேயாவது மடித்து வைத்திருக்குமோ என்று. இல்லை. கடைசியில், "பரவால்லமா. துணி கட்டிக்கினு ஓட்டிக்கிறேன்" என்றாள். ஒயரைக் கொண்டுபோய்ச் சொருகினாள்.

நான் பிடுங்கினேன்.

"சேக்காட்டுல ஊடு கட்றவங்களுக்கு கிரகப்பிரவேசம் கீது யம்மா. சமையக்கட்டுக் கதவு மொத்தமும் நம்ம கிட்ட கீது."

"அவங்க ஊட்ல கதவு இல்லன்னா புடவையக் கட்டி தொங்க வுடட்டும். ஓட்டாத."

மெஷினைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவள் குங்குமத்தைப் பார்த்து அம்மன் பிரசாதமா என்று கேட்டாள். முந்தானையால் பெட்டியை மூடிக்கொண்டேன்.

பாய் பெட்டியைப் பார்த்ததுமே முகம் மாறினார். கடையாளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டினார். பிறகு என்னிடம், "அவனையும் சொல்லிக் குத்தமில்லம்மா. உம்பொண்ணு நம்பரைத்தான் சொல்லிக்கீது. அந்த நம்பரை அனுப்பிக்கிறான்" என்றார்.

"சரி, மாத்திக் குடுங்க. ஒரு சுத்து கூட ஓட்டல."

"நீ சொன்னா நான் நம்பறேன். கம்பெனிக்காரன் நம்பணுமே. பிரிச்ச பெட்டின்னாகூட பேசிப் பாப்பேன். பெட்டி சுத்தமா இருக்கணும்மா. இதுல சந்தனம் ஊறிப்போய்க் கீது."

"பொட்டு வெச்சா உங்களுக்கு ஆவாதோ?" கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கோபம்.

பாய் கோபப்படவில்லை. "எங்க கடை எடை மெஷினுக்குப் பக்கத்து கடைக்காரரு வருசா வருசம் பொட்டு வெச்சுட்டுப் போறாரு. நான் அழிக்கறதில்ல. எனக்கு இன்னா பகை? ஆனா நீயே சொல்லு, வேற ஒருத்தர் பூஜை போட்ட பெட்டியைப் புதுசுன்னு நீட்டினா நீ வாங்குவியா?"

நான் வாங்க மாட்டேன்.

அவர்தான் வழி சொன்னார். யாராவது புதிதாகத் தொழில் ஆரம்பிக்கிறவர்கள் கேட்டால் எங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன், விற்றதும் சீப்பு எழுத்து மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை ஒன்றை ஒதுக்கி வைக்கிறேன் என்றார். இரண்டையும் சேர்த்து வாங்க எங்களால் ஆகாது என்பதை நான் சொல்லாமலே புரிந்துகொண்டார். அதுவும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஆள் வரும்வரை நாட்கள் போவேனா என்றன. அந்தப் பலகையைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க முடியாது, பிரைமர் அடிக்கும் முன் ஈரம் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊதிவிடும். காய்ந்தபடியே தேய்த்தாக வேண்டும். அதனால் அவளை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு, கொட்டகையில் நான் கையால் தேய்த்தேன். ஒரு கதவு முடிவதற்குள் பொழுது போய்விடும். அவள் நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பாள். "உனக்கு மட்டும் நெஞ்சு இரும்பா?" என்பாள். "ஆமா" என்பேன்.

ஒருநாள் ரேஷன் அரிசி வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்போதே மெஷின் சத்தம் கேட்டது. எங்கள் பழைய மெஷின் இல்லை. அதன் சத்தம் கரகரவென்று இருக்கும். இது புதுசு, சீரான ஒரே சத்தம். அரிசியை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கொட்டகை முழுக்க வெள்ளை. நடுவில் அவள், முகத்தில் ஈரத்துணி. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். நின்ற பிறகும் ஒரு சத்தம் நிற்கவில்லை. அது அவளுடைய நெஞ்சு. பேச வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. மருந்தைத் தேடி எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். மூச்சு திரும்பி வந்ததும் அவள் முதலில் சொன்னது, "ரெண்டு கதவு முடிஞ்சுதுமா" என்று.

அவளை அடிக்கலாம் போலிருந்தது. நாற்பது தாண்டினவளை எப்படி அடிப்பது? கொட்டகைக்குக் கரண்ட் கொண்டுபோகிற ஒயரைச் சுருட்டி என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பாய் அனுப்பின ஆள் வந்தது அதற்கு இரண்டொரு நாளில். திருவேற்காட்டில் புதிதாகத் தச்சுப்பட்டறை வைத்தவர், முப்பது வயது இருக்கும். யாருடைய கம்பெனியிலோ இருந்துவிட்டு இப்போதுதான் தனியாக வந்தாராம். பைக்கை நிறுத்திவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பூஜை போட்ட மெஷினா? அப்ப ராசிதான். பாய் சொல்லவே இல்ல பாரு!"

எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி ஒன்றும் ஆகாது, எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் மெஷினைத் தூக்கிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லி சட்டைப்பைக்குள் கை விட்டார். அப்போதுதான் என் மகள் பேசினாள்.

"அண்ணா, ஒரு நிமிசம். இதுல தூசி புடிக்கிற பை கெடையாது. தட்டைப் பாருங்க, ஓட்டையே இல்ல. மொத்தமும் மூஞ்சிலதான் அடிக்கும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அவர் சிரித்தார். "இன்னாக்கா இது, விக்கிற பொருளை நீங்களே குத்தம் சொல்றீங்க? அதெல்லாம் பாத்தா பொழப்பு ஓடுமா?"

"இதே நம்பர்ல பை வெச்சது வருது. கடைசில ஒரு எழுத்து இருக்கும். பாய் கிட்டயே கீது."

"அது வெல ஜாஸ்தி. நான் கதவத் தொறந்து போட்டுக்கினு ஓட்டுவேன். காத்துல போய்டும்."

"இப்டி வாங்க. கேளுங்க" என்றாள் அவள். அவர் புரியாமல் நின்றார். அவளே ஓரடி முன்னால் போய், வாயைத் திறந்து மூச்சை ஆழமாக இழுத்தாள். உள்ளே அந்தக் கோழிக்குஞ்சு கத்தியது. இழுத்ததை விடும்போது இன்னும் நீளமாகக் கத்தியது. டாக்டரம்மாவைத் தவிர யாருக்கும் அவள் அதைக் கேட்க விட்டதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் சளி என்றுதான் சொல்வாள். நான் பெற்ற பெண் ஒரு வெளியாள் முன்னால் தன் நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது: அவர் வேண்டாமென்று போய்விடக் கூடாதே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. இரண்டும் ஒரே நேரத்தில்.

அவருடைய சிரிப்பு நின்றது. மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எத்தினி வருசமாக்கா?"

"தேய்க்க ஆரம்பிச்சு பத்து வருசம். மூச்சு இந்த வருசம்தான்."

"பத்து வருசம்" என்று தனக்குள் ஒருதரம் சொல்லிக்கொண்டார். அது அவருக்கு வெகு தூரமாகத் தெரிந்திருக்க வேண்டும். முகம் தெளிந்துவிட்டது. "அதுக்குள்ள நான் பெரிய பட்டறையே போட்ருவேன். வுடுங்கக்கா" என்று சொல்லிப் பணத்தை என் கையில் கொடுத்தார். பெட்டியை பைக்கின் முன்னால் வைத்துக் காலால் இடுக்கிக்கொண்டார்.

"மூஞ்சுக்குத் துணியாவது கட்டிக்கங்க" என்று மகள் பின்னாலேயே தெருவரைக்கும் போய்ச் சொன்னாள். அவர் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

அன்றைக்கே நான் போய்ச் சீப்பு எழுத்து மெஷினை வாங்கிவந்தேன். கடையிலேயே பிரித்து, தட்டில் ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்து, பையை மாட்டிக் கழற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன். பொட்டு வைக்கவில்லை. மகளும் கேட்கவில்லை. சேக்காட்டுக் கதவுகள் கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இப்போது அவள் ஓட்டினால் தரையில் கூட அதிகம் தூசி விழுவதில்லை. சாயங்காலம் பையைக் கழற்றித் தட்டினால் கைப்பிடி கைப்பிடியாக வெள்ளை மாவு கொட்டுகிறது. பை இல்லாத இத்தனை வருஷமும் அத்தனையும் எங்கே போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

நெஞ்சு பாதி தேறியிருக்கிறது. மீதி தேறுமா என்று கேட்டால் டாக்டரம்மா மருந்தை விடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறார்.

கோயம்பேடு போக நாங்கள் எப்போதாவது திருவேற்காடு வழியாகப் போகிற வேனில் ஏறுவதுண்டு. வழியில் எங்கேயாவது தேய்ப்பு மெஷின் சத்தம் கேட்டால் அவள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிடுவாள். போன வாரமும் கேட்டது. ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

"யம்மா, எந்தப் பட்டறைன்னு பாரு. கதவு தொறந்து கீதா?"

எட்டிப் பார்த்தேன். ஒரு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே வெளிச்சத்தில் தூசி பறப்பது தெரிந்தது, ஆள் தெரியவில்லை. அதற்குள் வேன் தாண்டிவிட்டது.

"தொறந்துதான் கீது" என்றேன்.

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.